சாவி யார் கையில்?

இலவச இன்டர்நெட்டோடு கம்பெனிகள் வந்தன, போயின, மீண்டும் வந்திருக்கின்றன. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கால் நூற்றாண்டு அனுபவம் சொல்வது என்ன?

மாதத்தில் ஒரு நாள், காலை 10 மணி. திருமலை திருப்பதி தேவஸ்தானம் ரூ.300 சிறப்பு தரிசன டிக்கெட்டுகளை இன்டர்நெட்டில் திறந்துவிடுகிறது. தரிசனம் என்னவோ மூன்று மாதம் கழித்துத்தான். ஆனாலும் சென்னையிலும் பெங்களூரிலும் மும்பை மாதுங்காவிலும் குடும்பம் குடும்பமாக செல்போனும் கையுமாகக் காத்திருக்கிறார்கள். கொஞ்சம் அசந்தால் ஒதுக்கீடு தீர்ந்துவிடும் என்பது பக்தர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

இலவச தரிசனத்துக்கு வழி வேறு. திருப்பதி நகரத்துக் கவுன்டர்களில் கால் கடுக்க நின்று டோக்கன் வாங்க வேண்டும். 2025 ஜனவரி 8 அன்று இரவு, வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காக அப்படி நின்ற கூட்டம் நெரிசலில் சிக்கியது. ஆறு பேர் இறந்துபோனார்கள். குற்றம் இன்டர்நெட்டுடையது அல்ல, ஏற்பாடுகளுடையது. ஆனால் அந்த இரவு ஒரு கோட்டைத் தெளிவாகக் காட்டிவிட்டது. கையில் 300 ரூபாயும் நல்ல போனும் உள்ளவர் வீட்டில் உட்கார்ந்தபடி பெருமாளிடம் நேரம் வாங்கிவிட்டார். இரண்டும் இல்லாதவர் தெருவில் நின்றார்.

இன்டர்நெட் இன்று பொழுதுபோக்கு அல்ல. அது வாசல். கோயிலுக்கும் வாசல், தாலுகா ஆபீசுக்கும் வாசல், பாங்க்குக்கும் வாசல். அந்த வாசலின் சாவி யார் கையில் இருக்க வேண்டும்? இந்தக் கேள்வி பழைய சித்தூர் மாவட்டத்தின் கதவை நான்கு முறை தட்டியிருக்கிறது. (2022 ஏப்ரலில் இந்த மாவட்டத்தைப் பிரித்துத்தான் திருப்பதி தனி மாவட்டமானது.) ஒவ்வொரு முறையும் கதவைத் தட்டியவர் வேறு. வாக்குறுதி மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: "உங்களுக்கு இலவசம், அல்லது மிக மலிவு."

குப்பத்துக்கு வந்த விருந்தாளி

முதல் தட்டல் 2002 பிப்ரவரியில். ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றும் சந்திக்கும் முனையில் இருக்கிறது குப்பம். தெலுங்கோடு தமிழும் கன்னடமும் சகஜமாகக் காதில் விழும் ஊர். அப்போதைய (இப்போதைய) முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் தொகுதி. ஹைதராபாத்தை ஹைடெக் நகராக்கிக் காட்டிய நாயுடு, தன் தொகுதிக்கு அழைத்து வந்தது அமெரிக்காவின் ஹெச்பி கம்பெனியை. 'ஐ-கம்யூனிட்டி' என்று பெயர். மூன்று வருடத் திட்டம். கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்கள் வந்தன. இன்டர்நெட் வந்தது. சுய உதவிக் குழுப் பெண்கள் டிஜிட்டல் கேமராவும் சூரிய சக்தியில் ஓடும் சின்ன பிரின்டரும் வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துக் கொடுத்துச் சம்பாதித்தார்கள்.

அந்தப் பெண்களின் சம்பாத்தியம் பொய்யல்ல. ஆனால் ஹெச்பிக்கு இது தர்ம காரியம் மட்டும் அல்ல. ஏழைகளின் சந்தையில் என்ன விற்கும் என்று பார்க்கும் சோதனைக்கூடமாகவும் குப்பம் இருந்தது. அதைக் கம்பெனியும் மறைக்கவில்லை. 2004 மே மாதம் நாயுடு ஆட்சி இழந்தார். 2005 பிப்ரவரியில் ஹெச்பியின் தலைவி கார்லி ஃபியோரினா பதவி இழந்தார். அதே வருடம் கெடு முடிய, கம்பெனி விலகிக்கொண்டது. விருந்தாளியாக வந்தவர் கிளம்பும்போது வீட்டுக்காரரால் தடுக்க முடியாது. குப்பம் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது.

ராசிபலன் உண்டு, தேவஸ்தானம் இல்லை

இரண்டாவது தட்டல் பெரியது. 2015 பிப்ரவரி 10 அன்று ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்ற சேவையை இந்தியாவில் தொடங்கியது. தொடக்கம் ஆறு மாநிலங்களில். 1960ல் திருத்தணி தமிழகத்துக்கு, சித்தூர் ஆந்திரத்துக்கு என்று முடித்துவைத்த எல்லைக்கோடு இங்கே பொருட்டாக இல்லை. இரண்டு பக்கமும் பட்டியலில் இருந்தன. தமிழிலும் தெலுங்கிலும் சேவை கிடைத்தது. ரிலையன்ஸ் சிம் இருந்தால் போதும், டேட்டா கட்டணம் கிடையாது.

ஆனால் திறந்தது முழு இன்டர்நெட் அல்ல. முப்பதுக்கும் சற்று அதிகமான தளங்கள் மட்டும். ஃபேஸ்புக் இருந்தது. தமிழ் வாசகர்களுக்கு மாலை மலர் இருந்தது. ஆந்திர அரசோடு பேச 'ஏபி ஸ்பீக்ஸ்' இருந்தது. ராசிபலனுக்கு ரிலையன்ஸ் அஸ்ட்ராலஜி இருந்தது. தேடுவதற்கு மைக்ரோசாஃப்டின் பிங் இருந்தது, கூகுள் இல்லை. யூடியூப் இல்லை. ரயில்வே டிக்கெட் தளம் இல்லை. திருமலை தேவஸ்தானத்தின் தளமும் இல்லை. சித்தூரில் முதன்முதலாக இன்டர்நெட் பார்க்கும் ஒருவர் தன் ராசிக்கு என்ன பலன் என்று இலவசமாகப் பார்க்கலாம், பரிகாரத்துக்கு ஏழுமலையானிடம் டிக்கெட் போட முடியாது.

இதில் என்ன தவறு, ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் அல்லவா என்று கேட்டவர்கள் உண்டு. அலட்சியப்படுத்தக்கூடிய கேள்வி அல்ல. அன்று இந்தியர்களில் பெரும்பாலோர் இன்டர்நெட்டைத் தொட்டதே இல்லை. நூலகத்தில் எல்லாப் புத்தகமும் இல்லை, ஆனாலும் நூலகம் நல்லதுதானே என்று ஃபேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பெர்க் 2015 டிசம்பரில் இந்திய நாளேட்டில் கட்டுரையே எழுதினார். வாதம் கேட்க நன்றாக இருந்தது. ஒரு விஷயம் விட்டுப்போனது. நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்று தீர்மானிப்பது அங்கே புத்தகம் விற்க வரும் பதிப்பாளர் அல்ல.

அலிபிரி கணக்கு

நெட் நியூட்ராலிட்டி என்ற சொல்லை அமெரிக்க சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். விஷயம் எளிது. அலிபிரியில் மலைப் பாதைக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். காருக்கு இவ்வளவு, பஸ்ஸுக்கு இவ்வளவு. யாருக்கும் புகார் இல்லை. அதே கவுன்டரில், "இந்த டிராவல்ஸ் பஸ் என்றால் இலவசம், அந்த டிராவல்ஸ் என்றால் இரட்டைக் கட்டணம்" என்று சொன்னால்? சில வருடங்களில் மலையேறும் பஸ்கள் எல்லாம் ஒரே முதலாளியுடையதாக இருக்கும். புதிதாக ஒருவர் பஸ் விடவே முடியாது. இன்டர்நெட்டில் பாதைக்குச் சொந்தக்காரர் டெலிபோன் கம்பெனி. பாதைக்குக் காசு வாங்கலாம். யார் வண்டி என்று பார்த்து வாங்கக்கூடாது. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு நாட்டுக்குப் புரிந்தது கம்பெனிகளின் அவசரத்தால். 2014 டிசம்பரில் ஸ்கைப், வைபர் போன்ற இன்டர்நெட் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. 2015 மார்ச் இறுதியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டது. ஏப்ரலில் 'ஏர்டெல் ஜீரோ' வந்தது. பணம் கட்டும் கம்பெனியின் ஆப்பை வாடிக்கையாளர் இலவசமாகப் பார்க்கலாம் என்ற திட்டம். அதில் சேர இருந்த ஃப்ளிப்கார்ட், மக்கள் கோபத்தைப் பார்த்து விலகியது. இன்டர்நெட்.ஆர்க் பட்டியலிலிருந்து கிளியர்டிரிப், என்டிடிவி போன்றவை வெளியேறின. டிராய்க்குப் போன இமெயில்கள் 10 லட்சத்தைத் தாண்டின.

ஃபேஸ்புக் பின்வாங்கவில்லை. 2015 செப்டம்பரில் பெயரை 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று மாற்றியது. நாளேடுகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தது. தன் வாடிக்கையாளர்கள் ஒரு பட்டனைத் தட்டினால் டிராய்க்கு ஆதரவுக் கடிதம் போகும்படி செய்தது. டிராய் கேட்டது கேள்விகளுக்குப் பதில், வந்து குவிந்தது ஆதரவு ஓட்டு. ஆணையத்துக்கு எரிச்சல். எதிர்த் தரப்பும் சாதாரணமானதல்ல. ஐஐடி பேராசிரியர்கள் அறிக்கை விட்டார்கள். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலகேணி, ஏழைகளுக்கு உதவ வேண்டுமானால் டேட்டாவையே நேரடி மானியமாகக் கொடுக்கலாம், எந்தத் தளத்தைப் பார்ப்பது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும் என்ற யோசனையை முன்வைத்தார்.

2016 பிப்ரவரி 8 அன்று, ஆர்.எஸ். சர்மா தலைமையிலான டிராய் தீர்த்துச் சொல்லிவிட்டது. உள்ளடக்கத்தைப் பார்த்து டேட்டா கட்டணத்தில் பாரபட்சம் காட்டக்கூடாது. மீறினால் நாளொன்றுக்கு ரூ.50,000 அபராதம், அதிகபட்சம் ரூ.50 லட்சம். அவசர கால சேவைகளுக்கு மட்டும் விலக்கு. மூன்று நாளில் ஃபேஸ்புக் ஃப்ரீ பேசிக்ஸை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டது. கட்டணம் மட்டுமல்ல, வேகத்திலும் பாரபட்சம் கூடாது என்ற விதிகளை மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்றுக்கொண்டது.

உலகத்துக்கே இன்டர்நெட் கொடுத்த அமெரிக்காவில் இந்த விதி 2015ல் வந்தது, 2017ல் போனது, 2024ல் திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் கோர்ட்டில் விழுந்தது. அந்த வகையில் இந்தியா தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம்.

பாதைக்காரர்கள் குறைந்தார்கள்

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சித்தூர் பஜாரில் காய்கறி விற்கும் பெண்மணி கையிலும் இன்று முழு இன்டர்நெட் இருக்கிறது என்றால், அதற்கு டிராய் விதி மட்டும் காரணமல்ல. போனும் மலிவானது, டேட்டாவும் மலிவானது. 2015 ஆகஸ்டில் சத்தியவேடு பக்கத்து ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷியாமி போன் தயாராகத் தொடங்கியது. விலை ரூ.6,999. 2016 செப்டம்பர் 5 அன்று முகேஷ் அம்பானியின் ஜியோ வந்தது. மாதக்கணக்கில் இலவசம். டேட்டா விலை பாதாளத்துக்குப் போனது. ஃபேஸ்புக் துண்டு போட்டுக் கொடுக்க வந்ததை ஜியோ முழுசாகவே கொடுத்தது. பாரபட்சம் இல்லாமல் எல்லாமே இலவசம் என்பதால் நெட் நியூட்ராலிட்டி விதிக்கும் இதில் இடிக்கவில்லை.

இடித்தது போட்டியாளர்களுக்கு. தமிழகத்தில் வேர் விட்ட ஏர்செல் 2018ல் திவாலானது. லட்சக்கணக்கான தமிழர்கள் திடீரென்று சிக்னல் இல்லாத சிம்மோடு நின்றார்கள். ஃபேஸ்புக்கின் கூட்டாளியான ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் கடையைக் கட்டியது. வோடஃபோனும் ஐடியாவும் பிழைப்பதற்காக ஒன்றாயின. ஒரு காலத்தில் பத்துக்குப் பக்கமாக இருந்த கம்பெனிகளில் இன்று மிச்சம் மூன்று தனியார், ஒரு பிஎஸ்என்எல். 2024 ஜூலை முதல் வாரத்தில் தனியார் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. பிடிக்காதவர் வேறு கடைக்குப் போகலாம் என்றால், போவதற்கு இருக்கும் கடைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

பாதைக்காரர்களுக்குப் பழைய ஆசையும் போய்விடவில்லை. அதிகம் கட்டுபவர்களுக்கு முன்னுரிமை வேகம் என்ற ஏர்டெல், வோடஃபோன் ஐடியா திட்டங்களை 2020 ஜூலையில் டிராய் நிறுத்திவைக்கச் சொன்னது. யூடியூப், வாட்ஸ்அப் போன்றவை எங்கள் பாதையில் லாபம் பார்க்கின்றன, பங்கு கொடுக்கட்டும் என்று டெலிபோன் கம்பெனிகள் தொடர்ந்து கேட்டுவருகின்றன. பங்கு கொடுக்க முடிந்தவர் நிலைப்பார். முடியாத சின்னத் தளம் என்ன ஆகும் என்பதற்குத்தான் அலிபிரி கணக்கு.

சர்க்கார் கம்பியும் சாய்ந்தது

கம்பெனிகளை நம்பாமல் அரசே பாதை போட்டால்? ஆந்திரம் அதையும் செய்து பார்த்தது. இது மூன்றாவது தட்டல். மின் கம்பங்களிலேயே ஃபைபர் கேபிளைக் கட்டி இழுத்து, மண் தோண்டும் செலவை மிச்சப்படுத்தி, வீட்டுக்கு வீடு கொடுக்கும் ஏபி ஃபைபர்நெட் திட்டத்தை 2017 டிசம்பர் 27 அன்று ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் தொடங்கிவைத்தார். மாதம் ரூ.149. அதற்குள் 15 எம்பிபிஎஸ் இன்டர்நெட், 250 டிவி சேனல், டெலிபோன். நாட்டில் வேறெங்கும் கேட்டிராத விலை. பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கும் லோக்கல் கேபிள்காரர் மூலம் இணைப்பு போகும் என்பது திட்டம்.

யோசனை அருமை. ஆனால் 2019ல் ஆட்சி மாறியது. ஜெகன்மோகன் ரெட்டி முதல்வரான சில மாதங்களில், செப்டம்பரில், அவரைக் கடுமையாக விமர்சித்துவந்த டிவி5, ஏபிஎன் ஆந்திர ஜோதி சேனல்கள் ஃபைபர்நெட்டில் காணாமல் போயின. மீண்டும் கொடு என்று தொலைத்தொடர்பு தகராறுகள் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2024 ஜூனில் நாயுடு திரும்பி வந்தார். இந்த முறை சாக்ஷி, டிவி9 போன்ற சேனல்கள் பல கேபிள் இணைப்புகளில் தெரியவில்லை என்று புகார். எங்களுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றது ஆளும் தரப்பு. டிவி9 டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது.

டிவிக்கு நடந்தது இன்டர்நெட்டுக்கு நடக்காது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கம்பெனி கையில் கம்பி இருந்தால் லாபம் பார்க்கும். கட்சி கையில் இருந்தால் ஓட்டு பார்க்கும். பாரபட்சமின்மை என்ற விதி இருவருக்கும் பொது என்பதை ஆந்திரம் கற்றுக்கொடுத்திருக்கிறது.

வாட்ஸ்அப்பில் தாசில்தார்

நான்காவது தட்டல்தான் சுவாரஸ்யமானது. சான்றிதழ்களைக் கம்ப்யூட்டர் மூலம் கொடுக்கும் மீசேவா மையங்களை ஆந்திரம் 2011 நவம்பரில் முதலில் தொடங்கியதும் சித்தூர் மாவட்டத்தில்தான். அன்றைய முதல்வர் கிரண்குமார் ரெட்டியும் இந்த மாவட்டத்துக்காரர். பிறகு கிராமச் செயலகங்கள் வந்தன. 2025 ஜனவரி 30 அன்று அமைச்சர் நாரா லோகேஷ் 'மன மித்ரா'வைத் தொடங்கிவைத்தார். நம் நண்பன் என்று பொருள். தாசில்தார் ஆபீஸ் போக வேண்டாம், வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போதும். சான்றிதழ், பில், புகார் என்று முதல் கட்டத்தில் 161 சேவைகள். கூட்டாளி மெட்டா. அதாவது பெயர் மாற்றிக்கொண்ட ஃபேஸ்புக்.

2016 பிப்ரவரியில் முன்வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட கம்பெனி, ஒன்பது வருடம் கழித்து அரசாங்கத்தின் அழைப்பிதழோடு உள்ளே வந்திருக்கிறது. சட்டப்படி இதில் தவறில்லை. நெட் நியூட்ராலிட்டி விதி பாதைக்காரரைத்தான் கட்டுப்படுத்தும், வாசல்காரரை அல்ல. வசதியையும் மறுக்க முடியாது. சத்தியவேட்டிலிருந்து ஒரு சான்றிதழுக்காகக் கூலியை இழந்து, பஸ் பிடித்து அலைந்தவருக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் குப்பத்துப் பாடம் மறந்துவிடக்கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுக்க சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. கலிஃபோர்னியாவில் யாரோ செய்த தவறு. அன்று அரட்டை நின்றது. இனி நடந்தால் ஆபீஸே நிற்கும். 2024 அக்டோபரில் ஆந்திர அரசு மெட்டாவோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த மாதமே, வாட்ஸ்அப்பில் பயனாளிகளின் தகவலைப் பகிரும் கொள்கைக்காக மெட்டாவுக்கு ரூ.213 கோடி அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். மெட்டா மேல்முறையீடு செய்தது. சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் போகும் வழி இது என்பதால், கேள்வி கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு.

கோயில் வாசலிலும் இதே போக்குதான். 2023 ஜனவரியில் தேவஸ்தானம் புதிய மொபைல் ஆப்பை வெளியிட்டபோது தொழில்நுட்பக் கூட்டாளி ஜியோ. பாதையும் வாசலும் ஒரே கம்பெனியின் கையில் சேரும் இடங்கள் பெருகிவருகின்றன. 2016 விதி எழுதப்பட்டபோது யாரும் இதை யோசிக்கவில்லை.

தீர்வு சிக்கலானதல்ல, மனது வேண்டும், அவ்வளவே. எந்த அரசு சேவைக்கும் ஒரே ஒரு கம்பெனியின் ஆப் மட்டும் வழியாக இருக்கக்கூடாது. மீசேவா கவுன்டரும் கிராமச் செயலகமும் அரசின் சொந்தத் தளமும் பெயருக்கு இல்லாமல் உண்மையாகவே இயங்க வேண்டும். அரசும் கம்பெனியும் போடும் ஒப்பந்தம், தகவல் எங்கே போகிறது என்ற விவரத்தோடு, தெலுங்கிலும் தமிழிலும் மக்கள் படிக்கக் கிடைக்க வேண்டும். ஃபைபர்நெட் போன்ற பொதுக் கம்பிகள், மாறும் ஆட்சிகளின் கையிலிருந்து விலகி நிற்கும் அமைப்பின் கீழ் வர வேண்டும். போன் இல்லாதவருக்கான வரிசை, உயிர் போகாத வரிசையாக இருக்க வேண்டும்.

திருமலையில் ஒரு மரபு உண்டு. விடியலுக்கு முன், சுப்ரபாத வேளையில் தங்க வாயிலைத் திறப்பவர் சன்னிதி கொல்லா எனப்படும் யாதவர். தனியாக அவர் திறப்பதில்லை. அர்ச்சகரும் கோயில் அதிகாரிகளும் உடன் நிற்க வேண்டும். கோடி கோடியாகப் பக்தர்கள் நம்பி வரும் கதவின் சாவியை ஒரே ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது என்று முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. மலை அடிவாரத்தில் புதுக் கதவுகளுக்குச் சாவி செய்துகொண்டிருப்பவர்கள் ஒரு நாள் அதிகாலையில் மலையேறிப் பார்த்துவிட்டு வரலாம்.